தினவெட்டு: உடற்பயிற்சி கூடிப்போச்சா என்று கண்டுபிடிக்க ஒரு வழிகாட்டி

ரப்பர் மரத்தைப் பாலுக்காக ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்ட வேண்டும் என்பது எங்கள் குமரி மாவட்டத்தில் குலசேகரம், திற்பரப்பு பக்கம் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். விலை ஏறியிருக்கிறது என்று ஆசைப்பட்டுத் தினமும் கத்தி போட்டால் முதல் சில வாரம் சிரட்டை நிறையும், அப்புறம் பால் தண்ணீராக இறங்கும், போகப்போகப் பட்டை வற்றி ஒரு சொட்டும் வராது. மரம் சாகாது. இலை பச்சையாகத்தான் நிற்கும், ரோட்டில் இருந்து பார்க்கிறவனுக்கு ஒரு குறையும் தெரியாது. இவ்வளவும் தெரிந்த நான் என் உடம்பை நாலு மாதம் தினவெட்டு வெட்டினேன். தெனாவெட்டு என்றும் சொல்லலாம், தப்பில்லை.

கதை இதுதான். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது எனக்கு வயது 38. நடக்கத் தொடங்கினேன், நடை ஓட்டமானது, ஓட்டம் பிடித்துப்போய் ஜிம்மிலும் சேர்ந்தேன், வருகிற சிவராத்திரிக்கு, 12 சிவன் கோயிலை ஓடிச் சுற்றுகிற சிவாலய ஓட்டம் போகிறேன் என்று வீட்டில் அறிவித்தும் விட்டேன். அதிகாலை நாலு மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு 250 மரம் வெட்டுவது தனி, அதை நான் பயிற்சிக் கணக்கில் சேர்க்கவே இல்லை. மூன்றாவது மாதம் 5 கிலோமீட்டரை 31 நிமிடத்தில் ஓடினேன். நாலாவது மாதம் அதே தூரத்துக்கு 34 நிமிடம் ஆனது. சோம்பல் வந்துவிட்டது என்று நினைத்து ஓட்டத்தை இன்னும் கூட்டினேன். இங்கேதான் எல்லோரும் விழுகிறோம்: பயிற்சி கூடியதால் வேகம் குறைகிறது, வேகம் குறைந்ததால் பயிற்சியைக் கூட்டுகிறோம்.

மேலே போவதற்கு முன் ஒன்று. இதைப் படித்துவிட்டு நாளைக்கு நடைக்கு மட்டம் போட்டுவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரை, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு, கூடவே வாரத்தில் 2 நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்று சொல்கிறது. நம்மில் பலர் அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. சாயங்காலம் அரைமணி நேரம் நடக்கிறவருக்கு இந்தக் கட்டுரை தேவையே இல்லை. உற்சாகம் தலைக்கேறிய புதியவர்களுக்கும், ஆர்மி செலக்‌ஷனுக்கு ஓடுகிற பையன்களுக்கும்தான் எழுதுகிறேன்.

முதல் படி: நாடியை எழுதி வையுங்கள்

காலையில் கண் விழித்ததும், எழுந்து உட்காரும் முன், காப்பிக்கு முன், போனைத் தொடும் முன், கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணுங்கள். வாட்ச் இருந்தால் அதையே பாருங்கள், ஆனால் தினமும் ஒரே முறையில் எடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஓய்வில் 60 முதல் 100 வரை இயல்பு என்பார்கள், நன்றாகப் பயின்றவர்களுக்கு 60க்குக் கீழேயும் இருக்கும். அடுத்தவன் எண் உங்களுக்கு வேண்டாம். ஏழு நாள் எழுதிச் சராசரி எடுத்தால் அதுதான் உங்கள் எண். இந்த ஏழு நாளைப் பயிற்சி லேசாக இருக்கும் வாரத்தில் எடுங்கள், இல்லையென்றால் களைத்த உடம்பின் எண்ணை நல்ல எண் என்று நம்பிவிடுவீர்கள்.

ஒருநாள் கூடினால் ஒன்றுமில்லை. முந்தின நாள் கல்யாண வீட்டில் ராத்திரி முழுக்க விழித்திருக்கலாம், தண்ணீர் குறைவாகக் குடித்திருக்கலாம், காய்ச்சல் வரப்போகலாம், மது அருந்தியிருந்தாலும் ஏறும். மூன்று நாலு நாள் தொடர்ந்து 7, 10 என்று கூடியே நின்றால் அதைத்தான் கவனிக்க வேண்டும். எனக்கு 64 என்பது 75 ஆகி இரண்டு வாரம் இறங்கவே இல்லை, அதை எழுதி வைத்திருந்தும் நான் பார்க்கவில்லை என்பது வேறு கதை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: எல்லோருக்கும் நாடி ஏறாது, நீண்டநாள் அளவு மீறி ஓடியவர்களில் சிலருக்கு அது குறைவதும் உண்டு. அதனால் நாடியை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

இரண்டாம் படி: எல்லா உழைப்பையும் ஒரே நோட்டில் எழுதுங்கள்

இதற்கு ஒரு நல்ல எளிய முறை உண்டு, அமெரிக்க உடற்பயிற்சி ஆய்வாளர் கார்ல் ஃபாஸ்டர் கொண்டுவந்தது. பயிற்சி முடிந்து அரைமணி நேரம் கழித்து, மொத்தமாக எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று 0 முதல் 10க்குள் ஒரு எண் போட வேண்டும். 0 என்றால் சும்மா உட்கார்ந்திருந்தது, 10 என்றால் இதற்குமேல் முடியாது என்பது. அந்த எண்ணைப் பயிற்சி நிமிடத்தால் பெருக்குங்கள். 40 நிமிட நடை, கஷ்டம் 3 என்றால் 120. ஒருமணி நேர ஜிம், கஷ்டம் 7 என்றால் 420. வாரக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் அது உங்கள் வாரச்சுமை.

இதில் வேலையையும் சேருங்கள் என்பது என் சொந்தச் சேர்க்கை. பால்வெட்டுக்குப் போகிறவர், கொத்தனார் வேலை செய்கிறவர், வள்ளத்தில் வலை இழுக்கிறவர், ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நிற்கிற பெண், இவர்கள் உடம்புக்கு வேலை வேறு பயிற்சி வேறு என்று தெரியாது. நான் வேலையையும் சேர்த்துக் கணக்குப் போட்ட அன்று, பக்கத்து வீட்டு பேங்க் ஊழியரைப் போல இரண்டு மடங்குச் சுமை என் வாரத்தில் இருந்தது. ஜிம்மில் நாங்கள் இரண்டுபேரும் ஒரே அட்டவணையைத்தான் பின்பற்றிக்கொண்டு இருந்தோம்.

போன வாரம் 1000 இருந்தது இந்த வாரம் 1800 என்று குதித்தால் அந்த வாரமும் அடுத்த வாரமும் உடம்பைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். வாரம் பத்து சதவீதம்தான் கூட்டலாம் என்று ஒரு வழக்கு உண்டு. அது அப்படியொன்றும் கல்லில் பொறித்த சட்டமில்லை, ஆனால் நிதானமாகக் கூட்டுங்கள் என்பதற்கு ஒரு குத்துமதிப்பாக வைத்துக்கொள்ளலாம்.

எண்ணே பிடிக்காது என்கிறவர்களுக்கு: பயிற்சியின்போது பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதமான உழைப்பு. நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் கடுமையான உழைப்பு. வாரத்தில் எல்லா நாளும் இரண்டாவது வகையாகவே இருந்தால் ஏதோ சரியில்லை.

மூன்றாம் படி: எந்த வலி எது என்று பிரியுங்கள்

புதிதாகத் தொடங்கியவர்களுக்கு மேலுவலி வரத்தான் செய்யும். தசைவலி மறுநாள் தொடங்கி, ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய், அப்புறம் தானாக இறங்கும். இரண்டு தொடையும் ஒன்றுபோல வலிக்கும், அமுக்கினால் ஒரு சுகமும் இருக்கும், கொஞ்சம் நடந்தால் இளகும். மருந்துவாழ் மலையில் ஏறி இறங்கியவர்களுக்கு இது தெரியும், ஏறும்போது இல்லாத வலி இறங்கிய மறுநாள் வரும். இறக்கத்தில் தசை நீண்டுகொண்டே தாங்குவதுதான் காரணம். இதற்குப் பயப்பட ஒன்றுமில்லை.

பயப்பட வேண்டியது வேறு. ஒரு பக்கம் மட்டும், ஒரு விரல்நுனி அளவு இடத்தில், எலும்பின்மேல் அமுக்கினால் சுள்ளென்று வலிக்கிறதா? ஓடத் தொடங்கியதும் குறைந்த வலி இப்போது ஓட ஓடக் கூடுகிறதா? ராத்திரி படுத்திருக்கும்போதும் வலிக்கிறதா? முழங்காலுக்குக் கீழே கணைக்கால் எலும்பிலோ பாதத்திலோ இப்படி இருந்தால் எலும்பில் மயிரிழைக் கீறல் விழுந்திருக்க வாய்ப்பு உண்டு. என் சித்தப்பா மகன் ஆர்மி செலக்‌ஷனுக்கு 1600 மீட்டரை வேகமாக ஓட வேண்டும் என்று காலையிலும் சாயங்காலமும், வெறும் வயிற்றோடு, தார் ரோட்டில் ஓடினான். ஆறு மாதத்தில் செய்ய வேண்டியதை ஆறு வாரத்தில் செய்தான். கணைக்காலில் வலி வந்தது, எக்ஸ்ரே எடுத்தான், ஒன்றுமில்லை என்று வந்தது, ஒன்றுமில்லையே என்று மறுபடியும் ஓடினான். மூன்று வாரம் கழித்து எடுத்த படத்தில் கீறல் தெரிந்தது. முதல் சில வாரம் எக்ஸ்ரேயில் இந்தக் கீறல் தெரியாமல் போவது சாதாரணம், எம்ஆர்ஐயில்தான் சீக்கிரம் தெரியும். படம் சுத்தமாக இருந்தாலும் வலி அங்கேயே இருந்தால் ஓடக் கூடாது என்பதை யாரும் அவனுக்கு அழுத்திச் சொல்லவில்லை.

நம்மூரில் வலி என்றதும் வர்ம வைத்தியம் பார்க்கிற ஆசானிடம் போய் எண்ணெய் போட்டுத் தடவுவது வழக்கம். சாதாரண மேலுவலிக்கு அதைவிடச் சுகம் வேறில்லை, நானே போவேன். ஆனால் எலும்புமேல் புள்ளியாக வலிக்கிற இடத்தைத் தடவக் கொடுக்காதீர்கள். எங்கள் பக்கத்து ஆசான் அந்தப் பையனின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மக்கா, இது எலும்புல உள்ளதாக்கும், நான் கைவைக்க மாட்டேன், போய் நல்லா படம் எடுத்துப் பாரு" என்று திருப்பி அனுப்பினார். நல்ல ஆசானுக்கு அது தெரியும்.

நாலாம் படி: வீட்டில் இருப்பவர்களிடம் கேளுங்கள்

அளவு மீறியதன் அடையாளங்களில் பாதி நமக்குத் தெரியாது, கூட இருப்பவர்களுக்குத்தான் தெரியும். உடம்பு அலுத்துப்போயும் ராத்திரி தூக்கம் வராது, இரண்டு மணிக்கு விழிப்பு வந்து கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்போம். எதற்கெடுத்தாலும் எரிச்சல் வரும். பசி குறையும். போன மாதம் எளிதாகத் தூக்கிய எடை இந்த மாதம் கனக்கும். சளி பிடித்தால் போகாது, போனால் மறுபடி வரும். ஓடுவதற்கு ஷூவை மாட்டும்போதே ஒரு வெறுப்பு வரும். இதில் ஒன்றிருந்தால் பரவாயில்லை, மூன்று நாலு சேர்ந்து இரண்டு வாரம் நின்றால் கூடிப்போச்சு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். என் மனைவி சொன்னது: "நீங்க ஓட ஆரம்பிச்ச பெறவுதான் இந்த வீட்டுல பிள்ளைய சத்தம் போடுறது தொடங்கிச்சு." நான் அதற்கும் சத்தம் போட்டேன்.

பெண்களுக்கு ஒரு அடையாளம் தெளிவாக இருக்கிறது: மாதவிலக்கு தள்ளிப்போவது, அல்லது நின்றுபோவது. பயிற்சி செய்தால் அப்படித்தான் இருக்கும் என்று சிலர் சொல்வார்கள், அது தவறு. செலவழிக்கும் அளவுக்குச் சாப்பாடு போகாதபோது உடம்பு முதலில் நிறுத்திவைக்கும் வேலைகளில் இதுவும் ஒன்று, கூடவே எலும்பும் மெலியும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இதைப் பற்றித் தனியாக ஓர் அறிக்கையே வெளியிட்டது, ஆண்களுக்கும் இது உண்டு என்று சேர்த்தே சொன்னது. மூன்று மாதம் வராவிட்டால் மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும், கர்ப்பத்துக்கு வாய்ப்பு இருந்தால் அதற்கு முன்பே.

சாப்பாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. பயிற்சி தொடங்கிய அன்றே சோறு, மரச்சீனிக்கிழங்கு எல்லாவற்றையும் நிறுத்துகிறவர்கள் நிறையப்பேர். உழைப்பை இரட்டிப்பாக்கிச் சாப்பாட்டைப் பாதியாக்கினால் ஓய்வெடுத்தும் உடம்பு தேறாது. கஞ்சியும் பயறும், கிழங்கும் சாளைக்கறியும், ஓடி வந்ததும் இரண்டு மட்டிப்பழம், இவ்வளவு போதும், டப்பாப் பொடி எதுவும் வேண்டாம்.

ஐந்தாம் படி: வேறு நோய் இல்லை என்று உறுதிசெய்யுங்கள்

பயிற்சி கூடியதைக் காட்டுகிற ரத்தப் பரிசோதனை என்று தனியாக ஒன்றும் கிடையாது. மற்றக் காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு மிச்சம் இருப்பதைத்தான் மருத்துவர்கள் பயிற்சி கூடிப்போச்சு என்று சொல்கிறார்கள். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, நாள்பட்ட தொற்று, மனச்சோர்வு, எல்லாமே இதேபோல அலுப்பைக் கொடுக்கும். இரண்டு வாரத்துக்குமேல் அலுப்பு போகாவிட்டால் அடிப்படைப் பரிசோதனைகளைச் செய்து பாருங்கள்.

நமக்கு இரண்டு மழைக்காலம், கூடவே இரண்டு காய்ச்சல் காலம். காய்ச்சல் இருக்கும்போது வியர்க்க ஓடினால் விட்டுவிடும் என்று சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். சில வைரஸ்கள் இதயத் தசையிலும் வீக்கத்தை உண்டாக்கும், அந்த நேரத்தில் கடும் உழைப்பு ஆபத்து. டெங்கு வந்து போனவர்கள் மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு நடையில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

கடற்கரையும் வெக்கையும்

சங்குத்துறை, சொத்தவிளை மணலில் ஓடுவது பார்க்க அழகு. ஆனால் இளகிய மணலில் அதே வேகத்தில் ஓட, கெட்டியான தரையில் ஓடுவதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் ஆற்றல் செலவாகும், அதனால் ரோட்டில் 5 கிலோமீட்டர் ஓடுகிறவர் மணலில் 3 ஓடினாலே ஏறக்குறைய ஈடாகிவிடும். கடலோரம் ஒருபக்கம் சரிந்தும் இருக்கும், போகும்போது ஒரு கால், வரும்போது மறு கால் கூடுதல் சுமை வாங்கும். காற்றில் ஈரம் இருந்தால் வியர்வை ஆவியாகாமல் சொட்டும். சொட்டுகிற வியர்வை உடம்பைக் குளிர வைப்பதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் காலை ஏழு மணிக்குமேல் புதியவர்கள் வேகமாக ஓடவே வேண்டாம் என்பது என் கருத்து.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை

இதில் யோசிக்க ஒன்றுமில்லை. கடும் பயிற்சி செய்த அன்றோ அடுத்த இரண்டு மூன்று நாளிலோ சிறுநீர் கட்டன்சாயா (பால் விடாத டீ) நிறத்தில் போனால், கூடவே தசை வீங்கி, கையை மடக்கக்கூட முடியாத வலி இருந்தால், தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்துக்குப் போய்க்கொண்டு இருக்கிறது என்று அர்த்தம். பந்தயம் கட்டித் தண்டால் எடுக்கிறவர்களுக்கும், ஜிம்மில் முதல் நாளே முழு அட்டவணையும் செய்கிறவர்களுக்கும் இது வருவதுண்டு. ஊசிவழி நீர் ஏற்றினால் பெரும்பாலும் சரியாகும், வீட்டில் இளநீர் குடித்துக்கொண்டு காத்திருந்தால் சிறுநீரகம் போகலாம். பயிற்சியின்போது நெஞ்சுவலி, மயக்கம், வெக்கையில் ஓடியவர் சம்பந்தமில்லாமல் பேசுவது, இவற்றுக்கும் 108ஐக் கூப்பிடுங்கள். வெக்கையில் விழுந்தவரை வண்டி வரும்வரை நிழலில் போட்டு உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நாகர்கோவில் பக்கம் என்றால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது.

கூடிப்போச்சு என்று தெரிந்தபின்

முதலில் மூன்று நாள் பயிற்சி எதுவும் செய்யாதீர்கள். லேசான நடை, சாப்பாடு, தூக்கம் மட்டும். மூன்றாம் நாள் காலை நாடி இறங்கி, ஓட வேண்டும் என்று காலும் கேட்டால் வெறும் களைப்புதான், அடுத்த ஒரு வாரம் பழைய சுமையில் பாதி செய்துவிட்டு மெதுவாகத் திரும்பலாம். இறங்கவில்லை என்றால் இரண்டு வாரம் முழு ஓய்வு, லேசான நடை மட்டும். அதற்கும் தேறவில்லை என்றால் மருத்துவர். சாதாரணக் களைப்பு நாட்களில் தேறும், கொஞ்சம் ஆழமாகப் போனது வாரக்கணக்கில் தேறும், முற்றிப்போனால் பல மாதம் எடுக்கும். வற்றிய ரப்பர் மரத்தையும் சில மாதம் வெட்டாமல் விடுவோம், சிலது திரும்பும்.

ஓய்வெடுக்கச் சொன்னால் உடம்பு கேட்கும், மனசுதான் கேட்காது. ஒருநாள் விட்டால் குற்ற உணர்ச்சி வருகிறது, சாப்பிட்டதை ஓடிக் கழிக்க வேண்டும் என்று தோன்றுகிறது, அடிபட்ட காலோடு வீட்டுக்குத் தெரியாமல் போய் ஓடுகிறோம் என்றால் அது பயிற்சிப் பிரச்சினை இல்லை, மனநல மருத்துவரிடம் பேச வேண்டிய விஷயம். இதில் கேவலம் ஒன்றுமில்லை.

சிவாலய ஓட்டத்துக்குப் போகாமல் இருந்தேனா என்றால், அந்த வருஷம் போகவில்லை, அடுத்த வருஷம் போனேன். முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை 12 கோயில், ஏறக்குறைய 110 கிலோமீட்டர், கையில் விசிறியோடு "கோவிந்தா கோபாலா" என்று கூப்பிட்டுக்கொண்டு போகிற கூட்டத்தில், பல வருஷமாக ஓடுகிற ஒரு பெரியவர் பொன்மனை தாண்டி எனக்குச் சொன்னார்: "மக்கா, பேருதான் ஓட்டம். ஓடினதவிட நடந்ததுதான் கூடுதல்." நானும் அவரோடு நடந்தேன். முடிந்தபின் ஒரு வாரம் மரத்தையும் தொடவில்லை.

இப்போது எனக்கு வெட்டுநாளில் ஓட்டம் கிடையாது, வெட்டில்லாத நாளில்தான் ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை இரண்டும் கிடையாது. மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி நாலாவது வாரம் பாதியாகக் குறைக்கிறேன். ரப்பர் ஷீட்டுக் கணக்கு எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாடியை எழுதுகிறேன். இன்றைக்கு 63, மழை வேறு தூறுகிறது, வெட்டு இல்லை, நாலு கிலோமீட்டர் மெதுவாக ஓடிவிட்டு வருகிறேன்.